அரைச் சாண் ஆபிரிக்கா

“இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்று யாராவது கேட்டால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கேட்காவிட்டாலும் முடியாது. வால்தம்ஸ்டோவா, இருபது நிமிடம். பர்மிங்காமா, இரண்டு மணித்தியாலம், நான் ஓடினால் ஒன்றரை. சொன்னபடி போய்ச் சேர்ந்தார்களா என்று பிறகு ஒருவரையும் நான் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் இந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருக்கும்.

இது என்னுடைய தனிக் குணம் என்பது என் மனைவியின் கட்சி. எங்கள் ஊர்க் குணம் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்து ஆளிடம் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் “உதிலதான்”, அதாவது இந்தா பக்கத்தில்தான், என்பார். அடுத்த ஒழுங்கையும் உதிலதான், அரை நாள் சைக்கிள் உழக்க வேண்டிய இடமும் உதிலதான். கேட்டவர் மனம் தளராமல் புறப்பட வேண்டும் என்ற பெருந்தன்மை அது. அந்தப் பெருந்தன்மையோடு லண்டனுக்கு வந்த நான் பகலில் கவுன்சில் அலுவலகத்தில் வீட்டு விண்ணப்பம் பார்க்கும் எழுதுவினைஞனாகவும், மற்ற நேரங்களில் உலகத்துத் தூரங்களுக்கெல்லாம் பொறுப்பதிகாரியாகவும் இருந்தேன்.

செவன் கிங்ஸில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பெரிய உலகப்படம் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாங்கியது. பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நான்தான் சோற்றுக் கையோடு அதைக் காட்டிக் காட்டிக் கதைப்பேன். அதனால் இந்து சமுத்திரத்தில் ஒரு குழம்புக் கறை நிரந்தரமாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் ஒரேயொரு கவலைதான். என் மனைவியின் தங்கை. அவர்களுடைய தகப்பன் எழுபதுகளில் சாம்பியாவுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போன யாழ்ப்பாணத்து வாத்திமாரில் ஒருவர். பிள்ளைகள் இரண்டும் அந்த நாட்டுத் தலைநகர் லுசாக்காவில் வளர்ந்து லண்டனுக்குப் படிக்க வந்தார்கள். மூத்தவள் என்னிடம் அகப்பட்டு இங்கேயே நின்றுவிட்டாள். இளையவளோ பட்டமும் பிரிட்டிஷ் பாஸ்போட்டும் எடுத்துக்கொண்டு, எங்கள் சனம் எல்லாம் லண்டனுக்கு வந்து சேரத் துடித்துக்கொண்டிருந்த காலத்தில், திரும்ப லுசாக்காவுக்கே போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சராகிவிட்டாள்.

தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வந்த சம்பந்தமெல்லாம் லண்டன் மாப்பிள்ளைமார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “எப்ப இஞ்சை வருவா?” அவள் சொன்னதும் ஒரே பதில்: “வரமாட்டன்.” அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது, அந்த ஊர் பிடித்திருந்தது. தனிமைதான் பிடிக்கவில்லை. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் ஒரு தடவை தொலைபேசியில் அழுதிருக்கிறாள். அன்றைக்கு என் மனைவி சமைக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் கோயிலில், லண்டன் டூட்டிங் பகுதியில் இருப்பதால் டூட்டிங் அன்ரி என்று நாங்கள் கூப்பிடுகிறவரைச் சந்தித்தோம். அவருடைய மகன் இஞ்சினியர். ஒரு கம்பனி வேலையாக சியரா லியோனுக்குப் போய், சண்டையில் உடைந்த பாலங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். பிரீடவுன் நகரத்தில் இருப்பிடம்.

“நல்ல பிள்ளை, தம்பி. பெரியாக்கள் சொன்னா ஒண்டுக்கும் மறுத்துச் சொல்லமாட்டான்,” என்றார் அன்ரி. அதை நான் நல்ல குணமென்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

“ஆபிரிக்காவிலயோ இருக்கிறார்?” என்று நான் கத்திய கத்தலில் ஐயரும் திரும்பிப் பார்த்தார். “எங்கட மனுசியின்ரை தங்கச்சியும் ஆபிரிக்காவிலதான், அன்ரி! பக்கத்து வீடு மாதிரி!”

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரன், தன்னுடைய சிநேகிதன் பம்பாயில் இருக்கிறான், எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தான். நான் இலங்கை என்றேன். “எல்லாம் அந்தப் பக்கம்தானே,” என்றான். ஒரு கிழமை முழுக்க வீட்டில் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். உலகம் தெரியாத சனம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அதே கையைத்தான் இப்போது உலகப்படத்தில் விரித்தேன்.

பெருவிரல் லண்டனில், சுண்டுவிரல் ரொறன்ரோவில். சரியாக ஒரு சாண். ரொறன்ரோவுக்கு எட்டு மணித்தியாலம் என்பது எங்கள் ஆட்களில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. பிறகு பெருவிரலைத் தூக்கி பிரீடவுனில் வைத்தேன். லுசாக்கா ஏறக்குறைய அரைச் சாணில் வந்தது. கொஞ்சம் மிஞ்சியதை விரலை எட்டி வைத்துச் சமாளித்தேன். ஆக, நாலு மணித்தியாலம்.

“விசரோ உங்களுக்கு?” என்றாள் மனைவி. “நான் அங்கை வளந்தனான். அது பெரிய இடம்.”

“நீ வளந்தது அந்தக் காலம். இப்ப பிளேனெல்லாம் வேகம்,” என்றேன்.

சாதகம் பொருந்தியது. நான் லுசாக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். 

“அத்தான், நான் பள்ளிக்கூடத்தில என்ன படிப்பிக்கிறனான்?”

“புவியியல்.”

“எங்கை இருந்து படிப்பிக்கிறன்?”

“லுசாக்காவில இருந்து.”

“நீங்கள் எங்கை இருந்து எனக்கு ஆபிரிக்காவைப் பற்றிச் சொல்லுறியள்?”

“சாப்பாட்டு மேசையில இருந்து,” என்றேன். உண்மையை மறைக்கத் தெரியாதவன் நான்.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். உருண்டையாக இருக்கிற உலகத்தைத் தட்டையாக ஒட்டும்போது வடக்கிலுள்ள நாடுகள் ஊதிப்போகும், நடுவிலுள்ள நாடுகள் சுருங்கித் தெரியும். அந்தப் படத்தில் கனடா உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும், ஆபிரிக்கா பாவம்.

“கனடாவில எங்கட ஆக்கள் கூட. அதால ஊதியிருக்கும்,” என்றேன்.

“பகிடி விடாதேங்கோ, அத்தான். அது ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல. நேர ஒரு பிளேன்கூட—”

நான் முடிக்க விடவில்லை. கலியாணம் வேண்டாமென்பதற்கு இதுவரை மாப்பிள்ளையில் குறை சொன்னவள் இப்போது படத்தில் குறை சொல்கிறாள் என்றே நினைத்தேன். “சாட்டுச் சொல்லாதை, பிள்ளை. ஆள் வெள்ளிக்கிழமை வேலை முடிச்சு வெளிக்கிட்டா விடிய உன்னோட தேத்தண்ணி குடிப்பார்,” என்றேன்.

கடைசியில் அவள் இறங்கிவந்தாள். “சரி. பள்ளிக்கூடம் ஒரு கிழமை லீவு வருது. ஆள் வரட்டும், பாக்கிறன். ஆனா இதுதான் கடைசி. இதுக்குப் பிறகு எனக்கெண்டு ஒருத்தரையும் பாக்கக்கூடாது.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, ரிசீவரை நான் வைத்ததும், “இதையும் நீங்கள் குழப்பினியளெண்டா பிறகு என்னோட கதைக்க வேண்டாம்,” என்றாள். அவளும் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் கலியாணப் பேச்சுக்கால்களில் பேசவேண்டிய இரண்டு பேர் மட்டும் கடைசியில்தான் பேசுவார்கள். அதுவரை மற்ற எல்லோரும் பேசுவார்கள். நான் அன்ரிக்குச் சொன்னேன், அன்ரி மகனுக்குச் சொன்னார். “நாலு மணித்தியாலம்தானாம் மோனை, போய்ப் பாத்திட்டு வா.” மகன் “ஓம் அம்மா” என்றாராம். ஒரு கிழமை லீவும் எடுத்துவிட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்க அலுவலகத்தில் யாரைக் கண்டாலும் ஆபிரிக்காவின் விமானப் போக்குவரத்தைப் பற்றி விளக்கினேன்.

சனிக்கிழமை காலை. மாப்பிள்ளை இந்நேரம் லுசாக்காவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார் என்று நான் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

“வணக்கம் அண்ணை, நான் டூட்டிங் அன்ரியின்ரை மகன்.”

“அட தம்பி! போய்ச் சேர்ந்திட்டியளோ? எப்பிடி இருக்கு லுசாக்கா?”

“நான் ஹீத்ரோவில நிக்கிறன் அண்ணை.”

“ஹீத்ரோவில ஏன் நிக்கிறியள்?”

“லுசாக்காவுக்குப் போறன் அண்ணை.”

இரண்டு முறை சொல்லவைத்தும் எனக்கு ஏறவில்லை. பிறகுதான் அவர் மெதுவாக, ஒரு பெரியவரைச் சங்கடப்படுத்தாத குரலில் சொன்னார். பிரீடவுனிலிருந்து லுசாக்காவுக்கு நேரான விமானம் கிடையாது. பக்கத்து நாடுகளில் மாறி மாறிப் போகலாம், ஆனால் எந்த விமானம் எந்த நாள் வரும் என்று யாராலும் சொல்ல ஏலாது. நம்பிப் போவதென்றால் லண்டனுக்கு வந்துதான் போகவேண்டும். பிரீடவுன் விமான நிலையம் ஆற்று முகத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால் முதலில் பெரிப் படகு ஏறியிருக்கிறார். பிறகு வடக்கே ஆறரை மணித்தியாலம் பறந்து லண்டன். இனி பின்னேரம் இன்னொரு விமானத்தில் தெற்கே பத்து மணித்தியாலம். நடுவில் கொஞ்ச நேரம் இருப்பதால், குளித்து உடுப்பு மாற்ற எங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார்.

நான் திரும்பி உலகப்படத்தைப் பார்த்தேன். பிரீடவுனிலிருந்து லண்டனுக்கு வந்து லுசாக்காவுக்குப் போகிற பாதையை அளக்க என் இரண்டு கையும் தேவைப்பட்டது.

“அட கோதாரி,” என்றேன். மனைவி என்னைத் தாண்டிப்போய் புட்டுக்கு ஒரு பிடி மா கூடப் போட்டாள்.

மாப்பிள்ளை வந்தார். மெலிந்த, வெயிலில் கறுத்த, நாற்பதை எட்டிப்பிடிக்கப்போகிற ஆள். குளித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தவர் உலகப்படத்தைப் பார்த்தார். அதில் பிரீடவுனுக்கும் லுசாக்காவுக்கும் நடுவே என் விரல் அழுத்திய அழுக்கு தெளிவாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து புட்டைக் குழைத்தார். அந்த நல்ல மனதைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுசனை விட்டால் எங்கள் பிள்ளைக்கு வேறு ஆள் கிடைக்காது என்று தோன்றியது. அவருக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று துடித்தேன். அங்கேதான் அடுத்த பிழை.

“தம்பி, லண்டனுக்கு வந்திட்டு அம்மாவைப் பாக்காமல் போறதோ? டூட்டிங் வழியிலதான். எட்டிப் பாத்திட்டுப் போவம்.”

லண்டனைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். செவன் கிங்ஸ் கிழக்கில் இருக்கிறது, ஹீத்ரோ மேற்கில் இருக்கிறது, டூட்டிங் தெற்கில் இருக்கிறது. அது வழியில் இருக்க வேண்டுமென்றால் ஊரையே இழுத்து வளைக்க வேண்டும். லண்டனில் பதினைந்து வருடமாக இருந்த எனக்கும் தெரியும், அங்கே படித்த அவருக்கும் தெரியும். மனைவி குசினியிலிருந்து, “இஞ்சாருங்கோ, அது எந்த வழி?” என்று கேட்டாள். நான் வழிப்படத்தைத் திறந்து டூட்டிங்குக்கும் ஹீத்ரோவுக்கும் நடுவே விரலை வைத்தேன். இரண்டு விரல்.

“ஓம் அண்ணை, போவம்,” என்றார் மாப்பிள்ளை.

டூட்டிங் போய்ச்சேரவே மத்தியானம் திரும்பிவிட்டது. அன்ரி மகனைக் கண்டு அழுதார், பிறகு சிரித்தார், பிறகு சோறு போட்டார். எங்கள் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்போதுதான் பயத்தம்பணியாரம் சுட ஆரம்பித்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மாப்பிள்ளையும் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அன்ரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பணியாரம் ஆறவேண்டும் என்றார். ஆறும்வரை இருந்தோம்.

“தம்பி, எயர்போட்டுக்கு எவ்வளவு நேரம்?” என்று அன்ரி கேட்டார்.

“முப்பது நிமிசம், அன்ரி,” என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்த்தால் அறையத் தோன்றும்.

வீதி வேலை, சனிக்கிழமை நெரிசல், நான் எடுத்த குறுக்கு வழி. குறுக்கு வழிதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு இடத்தில் நாங்கள் அரை மணித்தியாலம் ஒரு தளபாடக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை, “பரவாயில்லை அண்ணை,” என்றார். ஹீத்ரோவில் காரைப் போட்டுவிட்டு ஓடினோம். விமானம் இன்னும் நிலத்தில்தான் நின்றது, ஆனால் பதிவை மூடிவிட்டார்கள். மேசையிலிருந்த பெண்ணிடம் கெஞ்சினேன். பத்து மணித்தியாலம் பறக்கப்போகிற விமானம் பத்து நிமிடம் நிற்கக்கூடாதா என்று வாதாடினேன். அவள் கேட்கவில்லை. அடுத்த விமானம் திங்கட்கிழமை. இருந்த கொஞ்ச நாளில் பாதி போயிற்று.

லுசாக்காவுக்குச் சொல்லவேண்டும். என் கைபேசியை எடுத்து இலக்கத்தை இரண்டு தடவை பிழையாக அழுத்தினேன். காலையில் அவள் விமான நிலையத்துக்கு வந்து நிற்பாள். இதுதான் கடைசி என்று சொன்னவள். வீட்டில் ஒருத்தி என்னோடு கதைக்காமல் விடுவதற்குத் தயாராக இருந்தாள். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டூட்டிங்கையும் சொன்னேன். பணியாரத்தையும் சொன்னேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, “ஆளிட்டைக் குடுங்கோ,” என்றாள்.

கொடுத்தேன். மாப்பிள்ளை கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். நாகரிகம் தெரிந்தவன் தள்ளிப் போயிருப்பான்.

“ஓம்... ஓம்... இல்லை, தெரியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “முதலே தெரியும். அங்கை வேலை செய்யிறன்தானே.”

என் காது சூடாகியது.

“பெரியவர் சொல்லேக்கை பிழையெண்டு சொன்னா இந்தப் பேச்சே நிண்டுபோயிடும் எண்டு பயந்தனான்.” மறுபடி நிறுத்தினார். “இல்லை, டூட்டிங் வழியில இல்லை எண்டும் தெரியும்.”

அதற்குப் பிறகு அவர் சிரித்தார். அன்றைக்கு முழுக்க அவர் சிரித்து நான் காணவில்லை. அந்தப் பக்கத்திலும் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கண்டத்தின் தூரம் தெரியாதவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்பது அந்த இடத்தில் விளங்கியது. நான் தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

கனநேரம் கழித்துக் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

“என்னவாம், தம்பி?”

“திங்கக்கிழமை வெளிக்கிட்டு வரச் சொன்னவா.”

“வேறை?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “இனி உங்களிட்டை வழி கேக்கவேண்டாமாம், அண்ணை.”

இடையில் இருந்த இரண்டு நாளும் அவர் டூட்டிங்கில் தாயோடு நின்றார். அன்ரி என்னைத் தொலைபேசியில் அழைத்து, கடவுள்தான் என்னைக் காரோட்ட வைத்தார் என்று நன்றி சொன்னார். திங்கட்கிழமை மகன் ரயிலில் ஹீத்ரோவுக்குப் போனார். நான் வரவா என்று கேட்டேன். “பரவாயில்லை அண்ணை,” என்றார். அதுதான் அவர் பெரியவர் ஒருவருக்கு முதன்முதல் சொன்ன மறுப்பாக இருக்கவேண்டும்.

லுசாக்காவில் அவருக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது. வியாழக்கிழமை பின்னேரம் திரும்பி வருகிறார் என்று அன்ரி சொன்னார். இந்த முறை நானும் மனைவியும் விமானம் அங்கே மேலெழும்பியிருக்குமோ என்ற நேரத்திலேயே ஹீத்ரோவுக்குப் போய்விட்டோம். தேத்தண்ணி மேல் தேத்தண்ணியாகக் குடித்தோம். மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லுசாக்காவிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. வேண்டாமென்று சொல்லியிருந்தால் அந்த மனுசன் எப்படி எங்கள் முகத்தில் முழிப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். கையில் வெறும் பணியாரப் பெட்டி. அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சூட்கேசை இழுத்துக்கொண்டு எங்கள் லுசாக்காப் பிள்ளை.

“நீ எங்கை இஞ்சை?” என்றேன்.

“பள்ளிக்கூடம் திங்கள்தானே அத்தான். சனிக்கிழமை திரும்பிப் போயிடுவன்.” அவள் அவரைப் பார்த்தாள். “ரெண்டு நாள் காணேல்லை. பிளேனில ஏறினா இன்னும் பத்து மணித்தியாலம் பக்கத்தில இருந்து கதைக்கலாமெண்டு ஏறிட்டன். நல்ல காலம், நீங்கள் சொன்ன மாதிரி நாலு மணித்தியாலமா இருக்கேல்லை. பாதிக் கதையில இறங்கியிருப்பம்.”

பிறகு அக்காவிடம் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னாள். என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அங்கேயே நின்று சத்தமாக அழுதாள். சனம் எல்லாம் பார்த்தது. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நானும் அழுதேன். மாப்பிள்ளை வெறும் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் தந்தார்.

காரில் அவர்கள் இரண்டு பேரும் பின்னால் ஏறினார்கள். பத்து மணித்தியாலம் கதைத்தும் முடியவில்லைப் போலும், கதவைச் சாத்துமுன்பே தொடங்கிவிட்டார்கள். மனைவியின் கைபேசி அடித்தது. டூட்டிங் அன்ரி.

“அன்ரி சோறு போடப் போறாவாம். எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம் எண்டு கேக்கிறா,” என்றாள் மனைவி என்னிடம்.

பழக்க தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர்கள் தெரிந்தார்கள். அவள் கையை விரித்து ஏதோ தூரத்தைக் காட்டினாள், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிற இடப்பக்க நிரைக்குக் காரை எடுத்து வேகத்தைக் குறைத்தேன்.

“தெரியாது எண்டு சொல்லு,” என்றேன்.

மனைவி கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.